அழுக்கு எண்ணெயா, எண்ணெயே இல்லாமலா?

வடிகட்டியின் துளைகள் எவ்வளவுக்கெவ்வளவு நுண்ணியவையோ அவ்வளவுக்கவ்வளவு நல்லது என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். மோட்டார் எஞ்சினைப் பொறுத்தவரை இக்கருத்து சரியன்று என்பேன்.

தேயும் பாகங்களின் உலோகத் துகள்களும் எரிதலில் உண்டாகும் கரியும் மசகு எண்ணெயில் கலந்துவிடுகின்றன. 1923இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்டும் அவருடைய கூட்டாளியும் காருக்கு எண்ணெய் வடிகட்டியை உருவாக்கினர். இன்றைய கார்களில் பம்பு அனுப்பும் எண்ணெய் முழுவதும் மடிப்பு மடிப்பான காகிதத்தின் வழியே சென்ற பிறகே பேரிங்குகளை அடைகிறது. இது முழு ஓட்ட வடிகட்டி.

இதன் துளையை மேலும் சிறிதாக்கினால் என்ன? பாய்சொய் விதிப்படி, ஆரம் பாதியானால் அதே அழுத்தத்தில் அத்துளை வழியே செல்லும் ஓட்டம் 16இல் ஒரு பங்காகிவிடும்! குளிர்ந்த காலையில் எண்ணெயின் பாகுநிலையும் அதிகம். பேரிங்கோ எண்ணெயின்றிச் சற்று நேரம் சுழன்றாலே கெட்டுவிடும். ஆகவேதான் சுருள்வில் பொருத்திய மாற்றுவழி வால்வு ஒன்று வைக்கிறார்கள். காகிதம் அடைபட்டு அழுத்த வேறுபாடு வரம்பு மீறினால் அது திறந்து, வடிகட்டாத எண்ணெயையே உள்ளே விடும். எண்ணெயே இல்லாததற்கு அழுக்கு எண்ணெய் எவ்வளவோ மேல் அல்லவா? வடிகட்டியைப் படம் வரைவோர் இந்த வால்வை விட்டுவிட்டால் அந்தப் படத்துக்கு நான் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

மிக நுண்ணிய துகள்களை நீக்கவும் வழியுண்டு. பெரிய டீசல் எஞ்சின்கள் சிலவற்றில் எண்ணெயின் சிறு பகுதியைப் பிரித்து மெதுவாக வடிக்கும் துணை வடிகட்டி இருக்கும். காகிதமே இல்லாத மையவிலக்கு வடிகட்டி சில சிறிய மோட்டார் சைக்கிள்களில் உள்ளது. மெக்கானிக் அதைத் திறக்கும்போது கவனியுங்கள்: சுழலும் கிண்ணத்தின் உட்சுவரில் கரிய பசை அப்பியிருக்கும்.