வன்னி மனையும் புதிய அலங்காரமும்

வீட்டை உள்ளே அழகுபடுத்துதல் ஒரு தனிக்கலையாகவும் தனித்தொழிலாகவும் ஆகிவிட்ட காலம் இது. 'இன்ரீரியர் டிசைன்' என்பது அதன் ஆங்கிலப் பெயர். 'உள்ளக அலங்காரம்' என்று விளம்பரப் பலகைகள் தமிழ் செய்துள்ளன. வவுனியாவிலிருந்து கிளிநொச்சி நோக்கி ஏ-9 வீதியிற் செல்பவர், மாபிள் விற்குங் கடைகளையும் சீலிங் பலகை விற்குங் கடைகளையும் பளபளக்குஞ் செற்றிகளை வாசலிலே பரப்பிவைத்த கடைகளையும் காணாது செல்லல் அரிது. சுவருக்கு எந்த நிறம், படுக்கையறைக்கு எத்தகைய விளக்கு, விருந்தினர்க்கு எந்தக் கிண்ணத்தில் எந்தப் பானம் என்பனவற்றையெல்லாம் கைத்தொலைபேசி நாள்தோறும் போதிக்கின்றது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருபவர் அப்போதனைக்கு உரையாசிரியராகின்றனர். இந்த வரிசையிற் கடைசியாக வந்து சேர்ந்தது 'கொக்டெயில்' என்னுங் கலவை மது.

இதனைக் கண்டு நகைப்பவர் உளர். நேற்றுவரை தறப்பாளின் கீழ்க் கிடந்தவர்க்கு இன்று சீலிங் வேண்டுமோ என்பது அவர் வினா. அந்நகைப்பில் யாம் பங்குகொள்ளோம். 2009ஆம் ஆண்டு வைகாசியிற் போர் முடிந்தபோது வன்னிமக்கள் இலட்சக்கணக்கில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் அடைபட்டிருந்தனர். அம்முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 புரட்டாதியிலேதான். அங்கே, கூடாரத்தின் வாயிலில் பால்மாப் பேணியில் மண்ணிட்டுத் துளசி நட்டவர்களும் இருந்தனர். அதுவும் மனையலங்காரமே. அழகை விரும்புதல் செல்வர்க்கு மட்டும் உரிய குணமன்று. எனவே, வன்னியார் ஏன் அழகை நாடுகின்றனர் என்பது எமது வினாவன்று. அவ்வழகை வகுப்பவர் யார் என்பதே வினா.

வன்னியின் பழைய மனையை இளைய தலைமுறையினர் பலர் கண்டிரார். மண்சுவர், கிடுகோ வைக்கோலோ வேய்ந்த தாழ்ந்த கூரை, சாணத்தால் மெழுகிய நிலம், முன்னே திண்ணை, சற்று விலகி அடுக்களை, முற்றத்தின் ஒருபுறம் நெற்கொம்பறை. இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கூரை தாழ்ந்தது வெயிலும் மழைச்சாரலும் சுவரைத் தாக்காமைப் பொருட்டு. அடுக்களை விலகியது புகைக்கும் தீக்கும் அஞ்சி. இவையெல்லாம் எந்தக் கட்டடக்கலைஞரும் வரைந்து கொடுத்தவையல்ல. பல தலைமுறை வெயிலும் மழையும் கற்பித்தவை.

ஆயினும் பழைய மனையை முழுதும் போற்றுதற்கில்லை. மண்சுவர் ஆண்டுதோறும் பூசி மெழுகும் உழைப்பைக் கேட்டது. அவ்வுழைப்பு முழுதும் பெண்களின் தலையில் விழுந்தது. 1964 மார்கழிப் புயல் போன்றதொன்று வந்தாற் கூரை நில்லாது. எல்லாவற்றினும் மேலாக, திண்ணை எல்லாரும் அமரும் இடமாக இருந்ததில்லை. அதில் ஏறத்தக்கவர் யார், முற்றத்தில் நிற்க வேண்டியவர் யார் என்று ஊர் வகுத்து வைத்திருந்தது. நெல்லை விளைவித்தவரும் பனையேறிக் கள் இறக்கியவரும் முற்றத்திலேயே நின்றனர். திண்ணையின் சிறப்பைப் பேசி உருகும் கட்டுரையாளர் பலர் இதனை எழுதுவதில்லை. கடையில் வாங்கிய செற்றிக்கு அந்த எல்லை தெரியாது. வந்தவர் எவரும் அமரலாம். இந்த ஒரு காரணத்துக்காகவேனும் புதிய வீட்டை யாம் வரவேற்போம்.

போருக்குப் பின் எழுந்த வீடுகளுட் பெருந்தொகையானவை இந்திய அரசின் உதவியாற் கட்டப்பட்டவை. 50,000 வீடுகளுக்கான அறிவிப்பு 2010இல் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பகுதி வேலை 2012 ஐப்பசி 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்தநாளில், தொடங்கிற்று. ஒரு குடும்பத்துக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபாய். அதனைத் தவணை தவணையாக வங்கியிற் பெற்று வீட்டுக்காரரே கட்டிக்கொள்ளுதல் முறை. தொகை போதவில்லை என்பது உண்மை. சீமெந்து, மணல், மரம், மேசன் கூலி அனைத்தும் ஏறின. போர்க்காலத்திற் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் பனைகளைத் தறித்துவிட்டமையால், தீராந்திக்கும் சிலாகைக்கும் உள்ளூரில் மரம் அரிதாயிற்று. நகையை அடகு வைத்தவரும் கடன்பட்டவரும் பலர். அப்படியிருந்தும் அவ்வீடுகளிடத்து ஒரு சிறப்பு உண்டு. வாசல் எத்திசை நோக்குவது, விறாந்தையை நீட்டுவதா, குசினியைச் சேர்ப்பதா விலக்குவதா என்பனவற்றில் அங்கே வாழப்போகின்றவரின் சொல் ஓரளவேனும் சென்றது. இன்று அவ்வழியாற் செல்பவர் அடுத்தடுத்த இரண்டு வீடுகள் ஒன்றுபோல் இல்லாமையைக் காணலாம். முன்னே ஒருவர் தூண் நிறுத்தியிருப்பார். மற்றொருவர் பின்னே ஓலையில் அடுக்களை இறக்கியிருப்பார்.

இதற்கு நேர்மாறாக வந்தது 2016ஆம் ஆண்டின் இரும்பு வீடு. அப்போதைய மீள்குடியேற்ற அமைச்சு, ஆர்சலர் மிட்டல் என்னும் உலகப் பெரும் உருக்கு நிறுவனத்தைக் கொண்டு வடக்குக் கிழக்கில் 65,000 பொருத்து வீடுகளை நிறுவ முனைந்தது. ஒரு வீட்டின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபாய். மாதிரி வீடுகளும் நிறுவப்பட்டன. சுவர் இரும்புத் தகடு. வீட்டினுள்ளே வேண்டிய தளபாடங்களும் கூடவே வரும் என்றனர். வாசகர் இதனைச் சற்று நின்று நோக்குக. வீடு மட்டுமன்று, அவ்வீட்டினுட் கிடக்க வேண்டிய கட்டிலும் கதிரையுங்கூட அங்கே வாழாத ஒருவராலே தீர்மானிக்கப்பட்டன. உள்ளக அலங்காரத்தின் உச்சநிலை இதுவே போலும்!

மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பேராசிரியர் உள்ளிட்ட அறிஞர் சிலர் அத்திட்டத்தை ஆராய்ந்து குறைகளை எடுத்துரைத்தனர். காற்றோட்டம் போதாது, விறகடுப்புக்குப் புகைபோக்கி இல்லை, துருவேறும் அச்சம் உண்டு, பின்னர் ஓர் அறையைக் கூட்டிக் கட்டல் எளிதன்று, அதே பணத்துக்கு ஏறத்தாழ இரண்டு கல்வீடுகள் கட்டலாம் என்றனர். இரும்புத் தகட்டைப் பொருத்தினால் உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் கிடைக்கும் கூலியும் போய்விடும் என்பது வேறு. வட மாகாண சபையும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தனர். திட்டம் நினைத்தபடி நிறைவேறவில்லை. 2018இல் சீன நிறுவனமொன்று 40,000 வீடு கட்ட வந்தபோதும், கொன்கிரீட் பலகை வேண்டா, கல்லால் அடுக்கிய சுவரே வேண்டும் என்ற குரலே எழுந்தது. தகரக் கொட்டிலில் வாழ்ந்துகொண்டே, வருகின்ற வீட்டை இப்படியிருக்க வேண்டும் என்று சொல்லத் துணிந்த மக்களை நன்றியற்றவர் என்று ஏசியவர்களும் இருந்தனர். தமக்கு வீடு கட்டும்போது மேசனோடு பத்து முறை வாதிடுபவர்களே அவர்கள்.

சுவரையும் சாளரத்தையும் பற்றிப் பேசப் பண்டிதனுக்கு என்ன உரிமை என வாசகர் கேட்கலாம். உரிமையைப் பத்துப்பாட்டுத் தந்திருக்கின்றது. நெடுநல்வாடையை நக்கீரர் வாடைக்காலத்து மனையை வைத்தே பாடினார். அரண்மனை வகுக்கும்போது, நூலறிந்த புலவர் கோல் நாட்டி, நடுப்பகலில் ஞாயிற்றின் நிழல் பார்த்து, நுண்ணிதாகக் கயிறிட்டுத் திசை கொண்டமையை அப்பாட்டு உரைக்கின்றது. வேனிற்காலத்தில் தென்றலை உள்ளே விடுவதற்கென்றே அமைந்த சாளரத்தையும், கூதிர் வந்தபோது அது திறவாது அடைபட்டுக் கிடந்தமையையும் புலவர் மறவாது குறித்தார். எமது நாட்டிலும் சோளகம் ஒரு புறத்தாலும் வாடை மற்றொரு புறத்தாலும் வீசுகின்றன. பல நூற்றாண்டுகளுக்கு முற்பட்ட பாட்டிற்குத் தெரிந்த இந்தக் காற்றுக் கணக்கு, 21 இலட்ச ரூபாய் வீட்டை வகுத்தவர்க்குத் தெரியாமற் போயிற்று.

வன்னியார் இவ்வாறு கல்லையும் சீமெந்தையும் நாடிச் செல்ல, கொழும்பாரும் அவருக்கு மேலானவரும் எதிர்த்திசையில் வருகின்றனர். அதன் தொடக்கம் பழையது. இலங்கையின் முதற் பெண் கட்டடக்கலைஞராகிய மினெற் டி சில்வா, கண்டியில் 1951 அளவில் முடித்த கருணாரத்ன இல்லத்திலே, கிராமத்துத் தும்பறைப் பாய் நெசவையும் குயவர் சுட்ட ஓட்டையும் நாகரிக மாளிகைக்குள் அமைத்தார். அவரே 1958இல் வத்தப்புளுவ வீடமைப்பில், குடியேறப் போகும் குடும்பங்களிடம் அவரவர் தேவையை வினாவி அறிந்து வீடு வரைந்தார். இரும்பு வீட்டுக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டில் நிகழ்ந்தது இது. அவருக்குப் பின் ஜெப்ரி பாவா முற்றம் நடுவே திறந்த வீட்டைக் கொழும்புச் செல்வர்க்கு மீட்டுக் கொடுத்தார். எனா டி சில்வாவுக்கு 1962இல் அவர் கட்டி முடித்த வீட்டை, 2009இற் கல் கல்லாகக் கழற்றி லுணுகங்கைக்குக் கொண்டுசென்று மறுபடி பொருத்தினர். அத்துணை மதிப்பு! அது தாழ்ந்த ஓட்டுக் கூரையும் உள்முற்றமும் உடைய வீடே. எமது நாற்சார் வீட்டுக்கு அது தூரத்து உறவு.

இன்று உல்லாச விடுதிகளில் மண்பூச்சுச் சுவரும் பனையோலைத் தட்டியும் அரிக்கன் இலாம்பும் உயர்ந்த அலங்காரங்கள். அவற்றிடை ஓர் இரவு தங்கப் பெருந்தொகை கொடுப்பர். மண்சுவரில் வாழ வேறு வழியின்றி வாழ்ந்தவர்க்கு அது வறுமை. விடிந்ததும் காரில் ஏறிப் போகக் கூடியவர்க்கு அது அழகு. ஆகையால், மண்ணின் மாண்பு அறியாது சீமெந்தை நாடினீரே என்று வன்னியாரைக் கடிந்துகொள்ளல் தகாது. அவர் சீமெந்தில் வாங்கியது ஓடாமல் ஓரிடத்தில் இருக்கலாம் என்னும் நம்பிக்கையை.

இனி மதுவுக்கு வருவோம். கொக்டெயில் என்பது பல சுவைகளை அளவறிந்து கூட்டிக் குளிரச் செய்து அழகிய கிண்ணத்தில் வார்ப்பது. கைத்திறனால் ஆக்கும் கொக்டெயில் என்று அதற்கு இப்போது தனிப் பெருமை. கொழும்பில் வடிக்கும் ஜின் ஒன்று கறுவா, இஞ்சி, கொத்தமல்லி, கறிவேப்பிலை ஆகிய எமது குசினிச் சரக்குகளையே சேர்த்துக்கொண்டு வெளிநாட்டுக்குச் செல்கின்றது. இவற்றைப் புதுமை என்போர் பெரும்பாணாற்றுப்படையைப் படித்தல் நன்று. அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற தட்டில் ஆற்றி, புற்றின் உட்பகுதி போன்ற தோற்றமுடைய நல்லடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழியும் வலைஞர் சேரி மதுவை அப்பாட்டுப் படிப்படியாக விளக்குகின்றது. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததும் இதே மொழியிலேதான். வன்னியிற் கசிப்பு எத்தனை அடுப்பை அணைத்தது என்பதை ஆசிரியராகிய யாம் மாணவர் முகத்திலே காண்கின்றோம். வள்ளுவர் பக்கமே எமது பக்கம்.

எனினும் குடிப்பதை வெறுப்பவர் ஆக்குபவரை மறந்துவிடலாகாது. 1972இல் தவறணை முறை போய்க் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோது, பனையேறுந் தொழிலாளர் முதன்முறையாகத் தம் கள்ளுக்குத் தாமே விலைபேசும் நிலையைப் பெற்றனர். 1978இற் பனை அபிவிருத்திச் சபை உண்டாயிற்று. வடமராட்சித் திக்கத்தில் வடிசாலை எழுந்தது. பூநகரியிலும் பளையிலும் பருவகாலத்தில் நாளுக்கு இருமுறை மரமேறுபவரின் கள்ளே போத்தலுக்கும் சாராயத்துக்கும் முதல். தவறி விழுந்து இடுப்பு முறிந்தவரின் வீட்டிற்கு எந்த அலங்காரமும் செல்வதில்லை. ஹொட்டேலில் ஒரு கிண்ணத்தின் விலையையும் மரத்தடியில் ஒரு போத்தலின் விலையையும் அருகருகே எழுதிப் பார்க்கும் வேலையை எமது பொருளியல் மாணவர் யாரேனும் மேற்கொள்ளட்டும். அதே பாளையின் கீழ்ச் சுண்ணாம்பு பூசிய முட்டியைக் கட்டினாற் கிடைப்பது புளியாத இனிய பதநீர். திருமண மண்டபங்களிற் சிவப்பும் பச்சையுமாகச் சோடா வார்ப்பவர்கள், அதனைக் குளிரவைத்துத் தேசிக்காயோடு அழகிய கிண்ணத்திலே கொடுத்தால் எந்த நாகரிகம் குறைந்துவிடும்? பனையேறுபவர்க்கும் பங்கு உண்டு, பிள்ளைகளும் பருகலாம்.

இவையெல்லாம் பேசும்போதே, கூரையற்ற வீடுகள் கண்முன் நிற்கின்றன. தேசிய வீடமைப்பு அதிகாரசபையின் தவணைப் பணத்தை நம்பி அத்திவாரமிட்டுச் சுவரெழுப்பியவர்க்கு, 2019 கார்த்திகையில் ஆட்சி மாறியபின் தவணை நின்றது. இருந்த கொட்டிலைப் பிரித்துவிட்டு வேலை தொடங்கியவர்க்கு இரண்டும் இல்லாமற் போயின. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஒரு மூடை சீமெந்து மூவாயிரம் ரூபாயைத் தொட்டது. நுண்கடன் கொடுப்போர் அந்த இடைவெளியிற் புகுந்தனர். 2018இல் அரசு ஓர் இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வரும் அளவுக்கு அது முன்னரே முற்றியிருந்தது.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உளது. தகரம், ஓடு, ஓலை, சீமெந்துத் தட்டு ஆகிய கூரைகளின் கீழே சித்திரை வெயிலில் எவ்வளவு சூடு நிற்கின்றது என்று அங்குள்ள மாணவர் ஒரு பருவம் அளந்து தமிழில் ஒரு சிறு நூல் வெளியிடுவாராயின், மாபிள் கடைக்குச் செல்லுமுன் மக்கள் அதனைப் புரட்டிப் பார்ப்பர். அடுத்த வீடமைப்புத் திட்டம் எந்த நாட்டின் பணத்தில் வந்தாலும், வரைபடம் முடியுமுன் பிரதேச செயலகத்தில் வீட்டுப் பெண்களைக் கூட்டி, குசினி எங்கே, சாளரம் எத்திசை, விறாந்தை எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுமாறு அதிகாரிகளை வேண்டுகின்றோம். வத்தப்புளுவவில் அதற்குச் செலவானது கொஞ்சத் தாளும் பென்சிலுமே.