ட்ரக் உன்ர பேரில, சாவி அவங்கட கையில



"ஓனர் ஒப்பரேட்டர்" எண்டு சொன்னவுடனே எங்கட வட்டத்தில கனபேர் முகத்தைச் சுளிக்கினம். சின்ன முதலாளி, டீசல் புகை, 2022இல் ஒட்டாவாவை மறிச்ச கூட்டம். இவ்வளவுதான் அவையளுக்கு ஞாபகம் வருது. இந்த நாட்டு ட்ரக் டிரைவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்தக் கூட்டத்தில் இருக்கவேயில்லை. கடன்பட்டு ட்ரக் வாங்கி ஒரே கொம்பனிக்கு ஓடுற மனுசன், இயந்திரம் தேயிற செலவு முழுவதையும் தன்ர தலையில ஏத்திக்கொண்ட தொழிலாளி. இதை விளங்கிக்கொள்ள 'மூலதனம்' திறக்கத் தேவையில்லை. பொனற்றைத் திறந்து பார்த்தாலே போதும்.

எந்த எஞ்சின் வாங்கலாம்? டிரைவர்மார் கூடினால் இதுதான் கதை. 13 லீற்றர் எஞ்சின், வொல்வோ டி13 மாதிரி, பாரம் குறைவு. 401இல் சமதரையில் ஓட டீசலும் மிச்சம். கமின்ஸ் எக்ஸ்15 போன்ற 15 லீற்றர் எஞ்சின், சுப்பீரியர் ஏரிக்கரை ஏற்றத்திலும் ரொக்கி மலையிலும் முழுப் பாரத்தோட மூச்சு வாங்காமல் ஏறும். 18 கியர் மனுவல் கியர்பொக்ஸில் கிளட்ச் தேய்ஞ்சால் அனுபவமுள்ள எந்த மெக்கானிக்கும் மாத்துவார். ஓட்டோமேற்றட் கியர்பொக்ஸ் முழங்காலுக்குச் சுகம், டீசலுக்கும் நல்லது. ஆனால் கிளட்ச் மாத்தினால், புதுக் கிளட்சை அதுக்குப் பழக்க கம்பியூட்டர் வேணும்.

ஆக, லோட்டையும் ரோட்டையும் பார்த்துத் தெரிவு செய் என்பதுதான் விதி. லோட்டையும் ரோட்டையும் தீர்மானிக்கிறது ஆர்? டிஸ்பாச்சர். சமதரை ஓட்டத்துக்கெண்டு ட்ரக் வாங்கினவரை அடுத்த மாதம் இரும்பு ஏத்தி மலைக்கு அனுப்புவினம். கடன் மட்டும் அவர்ட பேரில.

புகைக்கு வருவம். வட அமெரிக்காவில் 2007இலிருந்து புது ட்ரக்குகளில் கரி வடிகட்டி வந்தது. 2010இலிருந்து நைதரசன் ஒக்சைட்டைக் குறைக்க யூரியாத் திரவம் வந்தது. இரண்டும் தேவை. 401க்குப் பக்கத்து அடுக்குமாடிகளில் இருக்கிறது எங்கட சனம்தான். 'டிலீட்' எண்ட பேரில் வடிகட்டியைக் கழற்றி எறியச் சொல்லுற வலதுசாரிகளோட எங்களுக்கு ஒரு உடன்பாடும் இல்லை.

ஆனால் அந்த வடிகட்டிக்குச் சூடு வேணும். பாரத்தோட நெடுஞ்சாலையில் ஓடினால் கரி தானாக எரிஞ்சு போகும். பிரம்ரன் கொன்ரெயினர் யார்ட் வரிசையில் மணிக்கணக்காக எஞ்சினை ஓடவிட்டு நிண்டால் புகைக்குழாய் சூடேறாது, கரி சேரும். மைலுக்கு அல்லது ட்ரிப்புக்குத்தான் காசு எண்டால் காத்திருக்கிற நேரம் இனாம். காத்திருக்க வைச்ச கொம்பனிக்கு ஒரு சதமும் செலவில்லை, அடைச்ச வடிகட்டிக்கான பில் டிரைவருக்கு வரும்.

ஒரு சென்சர் பழுதானாலும் கம்பியூட்டர் எஞ்சின்ர பலத்தைக் குறைக்கும். கவனிக்காட்டி கடைசியில் மணிக்கு 8 கிலோமீற்றருக்கு மேல் போகாது. அந்தப் பூட்டைத் திறக்க உற்பத்தியாளரின்ர மென்பொருள் தேவை. போன மாரியில் என்ர மாமாவின்ர ட்ரக் ஒரு டீலர் யார்ட்டில் நாலு நாள் வரிசையில் நிண்டது. திருத்தின நேரம் ஒரு மணித்தியாலம். அந்த நாலு நாளும் தவணையும் இன்சூரன்சும் நிற்கேல்லை.

சூழலுக்காகத்தான் இந்தப் பூட்டு எண்டு உற்பத்தியாளர்கள் சொல்லுவினம். 1998ஐ மறக்க வேண்டாம். கற்றபிலர், கமின்ஸ், டிட்ரொயிட் டீசல், மக், வொல்வோ உட்பட ஏழு டீசல் எஞ்சின் உற்பத்தியாளர்கள், சோதனையில் ஒழுங்காகவும் நெடுஞ்சாலையில் வேற மாதிரியும் நடக்கிற மென்பொருளை வைச்சதாக அமெரிக்க அரசு குற்றம் சாட்டி, 83.4 மில்லியன் டொலர் தண்டம் வாங்கினது. மென்பொருளால் காற்றைக் கெடுத்தவையிட கையிலதான் இண்டைக்குச் சாவி இருக்கு.

சட்டம் இல்லாமல் இல்லை. 2024 நவம்பரில் சட்டமான சி-244, திருத்த வேலைக்காக டிஜிற்றல் பூட்டை உடைக்கிறது பதிப்புரிமைக் குற்றம் இல்லை எண்டு சொல்லுது. ஆனால் சாவியைக் குடு எண்டு உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தேல்லை. மாகாணம் தாண்டி ஓடுற கொம்பனிகள் தொழிலாளியை 'சுயதொழில்' எண்டு பொய்யாக வகைப்படுத்துறது 2021 ஜனவரி 1இலிருந்து தடை. 'டிரைவர் இன்க்' எண்ட பேரில் அது இன்னும் நடக்குது. அமெரிக்காவில் ட்ரக் குத்தகை பற்றி ஆராய அரசே அமைச்ச குழு, கொம்பனிக்கு ஓடியே கடன் அடைக்கிற 'லீஸ் பேர்ச்சஸ்' திட்டங்களைத் தடைசெய்ய வேணுமெண்டு 2025 ஜனவரியில் சொல்லிப்போட்டுது. இடதுசாரிகள் நாங்கள் அதுக்கும் பின்னால நிக்கிறம்.

எங்கட கோரிக்கை நாலு. காத்திருக்கிற மணிக்கு மணிச் சம்பளம். கனரக வாகனத்துக்குத் திருத்தும் உரிமை, மென்பொருளோட. லீஸ் பேர்ச்சஸுக்குத் தடை. பொய்யாக வகைப்படுத்துற கொம்பனிகளுக்குத் தண்டனை. வடிகட்டி இருக்கட்டும், பூட்டுப் போகட்டும்.

சட்டம் மாறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை. பழைய ட்ரக் வாங்க முதல் எஞ்சின் கம்பியூட்டரின்ர பதிவை இறக்கிப் பாருங்கோ. நிண்டபடி எத்தனை மணி ஓடியிருக்கு, என்ன பிழைக்குறிகள் திரும்பத் திரும்ப வந்திருக்கு எண்டு தெரியும். ஒயில் சாம்பிளை லாப்புக்கு அனுப்புங்கோ. கூலன்ற் கலக்குதா, உலோகத் துகள் கூடுதா எண்டு சொல்லும். வடிகட்டி எப்ப கழுவினது, வால்வ் எப்ப சரிபார்த்தது எண்டு பேப்பர் கேளுங்கோ. லீஸில் புகைச் சிஸ்டம் திருத்திற செலவு ஆருடையது எண்டு எழுத்தில இல்லாட்டி கையெழுத்து வைக்கவேண்டாம்.

இதைத் தனித்தனியாகச் செய்தால் களைப்புத்தான் மிச்சம். ஐஞ்சாறு டிரைவர்மார் சேர்ந்து ஒரு டயக்னொஸ்ரிக் லப்ரொப் வாங்கலாம். பிரம்ரனில் நவ்ஜவான் சப்போர்ட் நெட்வேர்க், சம்பளம் குடுக்காத முதலாளிமாரின்ர வீட்டு வாசலில் போய் நிண்டே காசு வாங்கிக் குடுத்திருக்கு. பஞ்சாபித் தோழர்களிட்ட படிக்க எங்களுக்கு நிறைய இருக்கு.

அடுத்த கூட்டத்துக்கு உங்கட அப்பா, மாமா, அண்ணா ஆரிட்டயாவது ஒரு லீஸ் பேப்பர் வாங்கிக்கொண்டு வாங்கோ. பேரை மறைச்சுப்போட்டுக் கொண்டுவந்தால் போதும். வரிவரியாக இருந்து வாசிப்பம்.

தோழமையுடன்.