பெயர் மெய், விளைவு பொய்

கார்ப் பந்தய விளையாட்டுகளைப் பற்றிய உரையாடல்களில் ஓயாமல் புழங்கும் சொல் ‘யதார்த்தம்’. எந்த விளையாட்டில் உதிரிபாகங்கள் மிகுதி, எதில் நிறுவனப் பெயர்கள் அசலானவை, எதில் வண்ணப்பூச்சு கண்ணாடிபோல் மின்னுகிறது என்பவையே அச்சொல்லின் அளவுகோல்களாகிவிட்டன. இவை தவறான இடத்தை அளக்கின்றன என்பது என் கருத்து. ஒரு பாகத்தை மாற்றினால் மற்றப் பாகங்களுக்கு என்ன நேர்கிறது என்பதே யதார்த்தத்தின் உரைகல்.

மொழியியலின் பாலபாடம் ஒன்று இங்கே உதவும். மொழியின் ஒலிகள் தனித்தனியே நிற்பவை அல்ல. ஒன்று இடம்பெயர்ந்தால் அண்டை ஒலிகளும் நகர நேரிடும். ஆங்கில நெட்டுயிர்கள் சில நூற்றாண்டுகளில் படிப்படியாக மேலேறியபோது, ஏற்கெனவே உச்சியில் இருந்தவை அங்கே நிலைக்க இயலாமல் ஈருயிர்களாயின. காரும் அத்தகைய ஓர் அமைப்பே. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டினால் என்ஜின் அறைக்குள் வெப்பம் ஏறும். எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே வெடிக்கத் தொடங்கும். கூடிய முறுக்குவிசையைக் கிளட்ச் தாங்காவிட்டால் அது வழுக்கும், தேயும். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 120 ஆனால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 1.44 மடங்காகும். ஓரிடத்தில் பெற்றதற்கு இன்னோரிடத்தில் விலை கொடுத்தாக வேண்டும்.

இந்தக் கொடுக்கல் வாங்கலை விளையாட்டுகள் எவ்வாறு காட்டுகின்றன? 1997இல் கஸுனோரி யமவுச்சியின் தலைமையில் ஜப்பானில் உருவாகி வெளிவந்த ‘கிரான் டூரிஸ்மோ’, மெய்யான ஓட்டுப் பாவனை என்று தன் பெயரோடு சேர்த்தே சொல்லிக்கொண்டது. கடையில் பாகம் வாங்கிப் பொருத்திக் காரை வளர்த்தெடுக்கும் இன்பத்தை ஒரு தலைமுறைக்கே அறிமுகப்படுத்திய பெருமை அதற்கு உண்டு. 2005இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்’ அதே பாதையில் தொடர்ந்தது. சக்கரத்தின் சாய்கோணம், கியர் விகிதம் ஆகியவற்றை இத்தொடர்களில் நுணுக்கமாகத் திருத்தலாம். திருத்தம் வளைவில் கார் திரும்பும் விதத்திலேயே தெரியவும் செய்யும். இயங்கும் காரின் நடத்தையை இவ்வளவு கவனமாகக் கணக்கிடுவது எளிய சாதனை அன்று.

ஆனால் மேம்பாட்டுக் கடைக்குள் நுழைந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. ஃபோர்ஸா தொடரில் எண்ணெய், குளிர்விப்பு அமைப்பை மேம்படுத்தினால் குதிரைத்திறன் சற்று கூடுகிறது. மெய்யுலகில் அந்தப் பாகத்தின் வேலை கூடிய சக்தி உண்டாக்கும் வெப்பத்தைச் சமாளிப்பது. அங்கே அத்தகைய வெப்பம் ஒரு சிக்கலாகவே எழாததால், அதற்கான மருந்தும் சக்தி தரும் இன்னொரு பண்டமாகிவிடுகிறது. கிளட்சின் கதையும் அதுவே. கூடிய முறுக்குவிசையைத் தாங்குவதற்காக மாற்ற வேண்டிய பாகம், கியரை விரைந்து மாற்ற உதவும் பாகமாகச் சுருங்குகிறது. மோதினால் சேதம் காட்டும் வசதி உண்டு. மேம்பாட்டினால் விளையும் சேதத்துக்கு இடமில்லை. எல்லா மாற்றங்களும் இறுதியில் ஒற்றைத் திறன் எண்ணாகத் திரள்கின்றன. அந்த எண் ஏறுவது வளர்ச்சி என்று ஆட்டக்காரர் கற்றுக்கொள்கிறார்.

விலையே இல்லை என்று சொல்ல முடியாது. 2022இல் வந்த ‘கிரான் டூரிஸ்மோ 7’இல் பந்தயப் பரிசுத்தொகைகள் குறைக்கப்பட்டபோது பெருங்கண்டனம் எழுந்தது, யமவுச்சியே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. 2023இல் வந்த ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்’, ஒரு காரை நெடுநேரம் ஓட்டினால்தான் அதன் பாகங்கள் ஒவ்வொன்றாகத் திறக்கும் என்று விதித்தது. எதிர்ப்புக்குப் பின் மறு ஆண்டு அந்த விதி தளர்ந்தது. ஆட்டக்காரர் செலுத்தும் விலை பணமும் நேரமும்தான். அது வணிகத்தின் விலை. பொறியியலின் விலை அதில் எங்கும் இல்லை.

மறுபுறம், ஜெர்மனியில் உருவான ‘பீம்என்ஜி டிரைவ்’ கார் முழுவதையும் கணுக்களும் அவற்றை இணைக்கும் சட்டங்களுமாகப் பகுத்து, விநாடிக்கு 2,000 முறை கணக்கிடுகிறது. தாங்கும் அளவைத் தாண்டிச் சக்தியை ஏற்றினால் என்ஜினின் உட்பாகங்கள் சிதையும், கிளட்ச் சூடேறும். ஃபின்லாந்தில் உருவான ‘மை சம்மர் கார்’ விளையாட்டில் சரியான அளவு ஸ்பேனரைத் தேடி ஒவ்வொரு போல்ட்டாக முடுக்க வேண்டும். ஒன்றை மறந்தால் பாகம் கழன்று விழும். கட்டி முடித்த கார் வாகனச் சோதனையில் தேறவும் வேண்டும்.

இவ்விரண்டு விளையாட்டுகளிலும் உள்ள கார்கள் கற்பனையானவை. எந்தப் புகழ்பெற்ற நிறுவனத்தின் முத்திரையும் அவற்றில் இல்லை. இது தற்செயல் என்று நான் கருதவில்லை. உண்மைக் கார்களைக் காட்டும் விளையாட்டுகள் அப்பெயர்களையும் வடிவங்களையும் உரிமம் பெற்றே பயன்படுத்துகின்றன. தன் முத்திரை தாங்கிய கார் நடுவழியில் புகை கக்கி நிற்பதை எந்த நிறுவனமும் விரும்பாது என்பதை ஊகிக்கப் பேராராய்ச்சி தேவையில்லை. பெயர் மெய்யாக இருக்கும் இடத்தில் விளைவு பொய்யாகிறது. பெயர் பொய்யாக இருக்கும் இடத்தில் விளைவு மெய்யாகிறது. ‘யதார்த்தம்’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதால் இந்த முரண் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

விளையாட்டுதானே, இதற்கு இவ்வளவு கவலை எதற்கு என்று கேட்கலாம். இந்தியச் சூழலில் அந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தைத் திருத்துவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றி, இந்தத் தடையை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வகுத்தது. எனவே என்ஜினைக் கழற்றிப் பார்க்கும் ஆவல்கொண்ட நம் மாணவர் பலருக்குத் திரையிலுள்ள பட்டறையே முதல் பட்டறை. சிலருக்கு அதுவே கடைசிப் பட்டறையும்கூட. அங்கே சக்தி விலையின்றிக் கிடைக்கும் என்று பழகிய மனம், தெருவில் சஸ்பென்ஷன் சுருளை வெட்டித் தாழ்த்திய காரைக் கண்டால் அதன் தோற்றத்தை வியக்கும். பள்ளத்தில் இறங்கும்போது அச்சுருள் எதைத் தாங்கும் என்று கேட்காது.

விளைவுகளைச் சேர்த்தால் இன்பம் குன்றும் என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. பொறியியல் மாணவர்களுக்கான ‘பாஜா எஸ்ஏஇ இந்தியா’ போட்டியின் பெட்ரோல் பிரிவில் எல்லா அணிகளுக்கும் ஒரே வகை என்ஜின்தான். அதன் சக்தியைக் கூட்ட அனுமதி இல்லை. அந்தத் தடையால் போட்டி சுவை குறையவில்லை. எடையை எங்கே குறைப்பது, வலிமையை எங்கே விட்டுக்கொடுக்காமல் காப்பது என்ற தேர்வுகளில்தான் அணிகள் ஒன்றையொன்று வெல்கின்றன. விலை உள்ள இடத்தில்தான் தேர்வுக்குப் பொருள் உண்டு.

இதற்கு விளையாட்டுகளை அடியோடு மாற்ற வேண்டியதில்லை. டயர் தேய்மானத்தையும் எரிபொருள் செலவையும் விரும்பியவர் கூட்டவும் குறைக்கவும் கிரான் டூரிஸ்மோவில் ஏற்கெனவே வழி இருக்கிறது. மேம்பாட்டின் பின்விளைவுகளுக்கும் அப்படி ஒரு விசை போதும். வெப்பம், கிளட்சின் தாங்குதிறன், பிரேக்கின் சோர்வு என்ற மூன்றை மட்டும் கணக்கில் சேர்த்தாலே குளிர்விப்பானும் கிளட்சும் தத்தம் உண்மையான பொருளைத் திரும்பப் பெறும். வேண்டாதவர் விசையை அணைத்துவிட்டு மகிழ்ச்சியாக ஓட்டட்டும். வேண்டுபவருக்கு அது கிடைக்கும்வரை, அட்டையில் அச்சிடப்படும் ‘யதார்த்தம்’ என்ற சொல்லை விளம்பரச் சொல்லாகவே வாசிக்க வேண்டியிருக்கிறது.