எல்லாம் துப்பாக்கிதானா?

வேட்டை இலக்கியத்தைத் தமிழில் வாசிக்கும்போதெல்லாம் நம்மை உறுத்தும் குறை ஒன்றுண்டு. மூலத்தில் ரைபிள், ஷாட்கன், இரட்டைக்குழல் என்று தனித்தனியே நிற்பவை யாவும் மொழிபெயர்ப்பில் பல வேளைகளில் 'துப்பாக்கி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டுவிடுகின்றன. இது வெறும் கலைச்சொல் சிக்கலன்று என்றே எண்ணுகிறோம்.

ரைபிளின் குழலுக்குள் திருகுவரிகள் உண்டு. ஒற்றைக் குண்டைச் சுழற்றித் தொலைவுக்குக் குறிதவறாமல் செலுத்துபவை அவை. ஷாட்கன்னின் குழல் வழவழப்பானது; ரவைகளைச் சிதறவிடுவது. எதை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போகிறான் என்பதிலேயே ஒருவன் எதை எதிர்பார்க்கிறான், எதற்கு அஞ்சுகிறான் என்பது தெரிந்துவிடும்.

ஜிம் கார்பெட்டையே எடுத்துக்கொள்வோம். 1930இல் சௌகட் பெண்புலியை அவர் எதிர்கொண்டபோது இடக்கையில் பக்கிப் பறவையின் முட்டைகள், வலக்கையில் .275 ரிக்பி ரைபிள். பாறையைச் சுற்றித் திரும்பினால் சில அடி தூரத்தில் புலி படுத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது. சட்டென்று அசைந்தால் பாய்ந்துவிடும். ஒற்றைக் கையால் ரைபிளை அங்குலம் அங்குலமாகத் திருப்பிச் சுடுகிறார். அவரிடமிருந்த மற்றொரு கனத்த ரைபிளாக, .450/400 இரட்டைக்குழலாக, அது இருந்திருந்தால் அப்படித் திருப்பியிருக்க முடியாது. கார்பெட்டே இதைச் சொல்கிறார். இங்கே 'துப்பாக்கியைத் திருப்பினார்' என்று மட்டும் எழுதினால் அந்தக் காட்சியில் பிறகு என்ன மிஞ்சும்?

1907இல் சம்பாவத்தில் நிகழ்ந்ததும் இவ்வாறே. கொண்டுபோன மூன்று தோட்டாக்களும் தீர்ந்துபோக, தாசில்தாரின் பழந்துப்பாக்கியை வாங்கிச் சுடுகிறார். புலியின் வாயைக் குறிவைத்த குண்டு பாதத்தில் போய்த் தைக்கிறது. புலி இறந்தது முன்பே பட்ட காயங்களால். எந்தக் குண்டு எந்த ஆயுதத்திலிருந்து வந்தது என்று தெரியாத வாசகனுக்கு அவலத்தோடு கலந்த அந்த நகைச்சுவை எட்டவே எட்டாது.

1936இல் வெளியான ஆர்வெலின் யானைக் கட்டுரையில் இழப்பு இன்னும் பெரிது. முதலில் அவர் கையிலிருப்பது யானையைக் கொல்லப் போதாத பழைய .44 வின்செஸ்டர். (யானை மிதித்துக் கொன்றது ஒரு திராவிடக் கூலியை என்பதும் நம்மவர் மறந்துவிடும் செய்தி.) பெரிய ரைபிளைத் தருவித்த பிறகே கூட்டம் அவர் பின்னால் திரள்கிறது, சுட்டுத்தான் ஆகவேண்டும் என்ற நிர்ப்பந்தமும் அப்போதே பிறக்கிறது. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் கட்டுரையின் அச்சாணியே கழன்றுவிடும்.

வேட்டையை நாம் போற்றவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்ததே நன்று. ஆனால் நூலை மொழிபெயர்க்கத் துணிந்தபின் ஆயுதத்தின் பெயரைக் கண்டு ஏன் கூச வேண்டும்? தூய தமிழ்ச் சொல் அமையவில்லையெனில் ரைபிள் என்றே எழுதலாம். துப்பாக்கி என்பதும் துருக்கியச் சொல்லின் வழியாக வந்து சேர்ந்ததுதானே.