வெண்மை என்னும் பொய்

எலும்பு வெள்ளை நிறமுடையது என்பது நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்ட பொய்களில் ஒன்று. இயல்பான எலும்பு தந்தத்தின் மங்கலும் பழைய தாளின் பழுப்பும் கலந்த நிறம் கொண்டது. ஆயினும் இணையக் காணொளிகள் கற்றுத்தரும் அழகு வேறு. ஆட்டுத் தலையோட்டை ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து, சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல் வெளுக்கச் செய்து, வரவேற்பறையில் மாட்டிவைக்கும் அழகு அது. நாவலூரிலோ சிறுசேரியிலோ பதினைந்தாம் மாடியில் குடியிருப்பவர்கூட ஒரு பிளாஸ்டிக் வாளியையும் மருந்துக்கடைப் புட்டிகளையும் வைத்துக்கொண்டு பால்கனியிலேயே இதைச் செய்துவிடலாம். தலையோட்டைச் சேகரிப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. அதை வெள்ளையாக்கியே தீரவேண்டும் என்ற வெறியைத்தான் எதிர்க்கிறோம்.

முதலில் பொருளைப் பேசுவோம். எலும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கனிமம். மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். அவசரக்காரர்கள் தலையைக் கொதிக்க வைக்கிறார்கள். கொழுப்பு எலும்பின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடுகிறது. மூக்கறைக்குள் தாள்போல் சுருண்டிருக்கும் மெல்லெலும்புகள் கழன்று போகின்றன. இன்னும் அவசரமானவர்கள் ப்ளீச்சிங் பவுடரில் போடுகிறார்கள். அது புரதத்தையே தின்றுவிடுவதால் எலும்பு நாளடைவில் சாக்கட்டியாகப் பொடிகிறது. பெராக்சைடு இவற்றைவிட மேலானது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அது செய்வது ஒன்றே ஒன்றுதான்: நிறமிகளை ஆக்ஸிஜனேற்றம் செய்து நிறமிழக்க வைக்கிறது. கொழுப்பை அது அகற்றுவதில்லை. ஆகவே கொழுப்பு நீக்காமல் வெளுத்த ஓடு, சில மாதங்களில் உள்ளிருந்து மஞ்சளாகக் கசியத் தொடங்கும். உடனே இவர்கள் இன்னும் அடர்ந்த கரைசலைத் தேடி ஓடுகிறார்கள். மருந்துக்கடையின் 3 சதவீதக் கரைசல் புண் கழுவுவதற்கு உரியது. 30 சதவீதக் கரைசலோ தோலைச் சுட்டுவிடும். மூடி இறுகிய பாத்திரத்தில் அடைத்தால் ஆக்ஸிஜன் பெருகிப் பாத்திரமே வெடிக்கலாம். உண்மையான வேலை வாரக்கணக்கில் நீளும் பொறுமையான வேலை. சாதாரணத் தண்ணீரில் ஊறப்போட்டு நுண்ணுயிரிகள் சதையைக் கரைக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு கரைத்த வெதுவெதுப்பான நீரை மாற்றி மாற்றி ஊற்றிக் கொழுப்பை வெளியேற்ற வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தவருக்குப் பெராக்சைடு பெரும்பாலும் தேவைப்படுவதே இல்லை.

இந்த வெண்மைக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. அது அழகான வரலாறு அல்ல. மேலைநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்கு மனித எலும்புக்கூடுகளை அனுப்பும் பெருவணிகம் கல்கத்தாவை மையமாகக்கொண்டு பல பத்தாண்டுகள் நடந்தது. மனித எலும்பு ஏற்றுமதியை 1985இல் இந்திய அரசு தடைசெய்தது. தடைக்குப் பிறகும் அது மறைவாகத் தொடர்ந்ததை 2007இல் ஸ்காட் கார்னி என்ற பத்திரிகையாளர் எழுதினார். அங்கே எலும்புகள் காஸ்டிக் சோடாவில் கொதிக்க வைக்கப்பட்டன, வெயிலில் காய்ந்தன, மஞ்சள் நீங்குவதற்காக அமிலத்திலும் நனைக்கப்பட்டன. உடலைக் கற்பதற்கு வெள்ளை நிறம் எதற்கு? மஞ்சள் படிந்த தொடையெலும்பும் தொடையெலும்புதானே? சுடுகாட்டிலிருந்தும் இடுகாட்டிலிருந்தும் ஏழைகளின் பிணங்கள் வந்தன என்ற நினைவு வாங்குபவனுக்கு எழாதிருக்கவே அந்த வெள்ளை வேண்டியிருந்தது என்பது எங்கள் கருத்து. பிணத்தைப் பொருளாக மாற்றும் கடைசிப் படி அது.

'இது விஞ்ஞான ஆர்வம்தானே?' என்று கேட்பார்கள். விஞ்ஞானம் கேட்பது விவரத்தை. அருங்காட்சியகங்கள் சதையை அரிக்க ஒருவகை வண்டுகளை வளர்ப்பதே எலும்பின் நுட்பங்கள் சிதையாமல் இருப்பதற்காகத்தான். எந்த ஊர், எந்த நாள், எந்த விலங்கு என்ற சீட்டு இல்லாத ஓடு, எவ்வளவு வெளுத்திருந்தாலும், வெறும் அலங்காரம். சந்தையில் ஆட்டின் வாயைப் பிளந்து பல் பார்க்கும் தரகருக்கு அது இரண்டு பல்லா நான்கு பல்லா என்பதைக்கொண்டு வயது சொல்லத் தெரியும். தலையோட்டை வாசிப்பது என்றால் அதுதான். பளபளக்கும் ஓட்டைச் சுவரில் மாட்டியிருப்பவர்களில் எத்தனை பேர், ஆட்டின் மேல்தாடையில் முன்பற்களே இல்லை என்பதைக் கவனித்திருப்பார்கள்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. கசாப்புக்கடை ஆட்டுத்தலையோடு நிற்காத ஆசை, கடற்கரைக்கும் காட்டுக்கும் போகும். நாவலூருக்குக் கிழக்கே, பக்கிங்காம் கால்வாயைத் தாண்டினால் கடல். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இறந்து கிடக்கும் வனவிலங்கும் அரசின் சொத்து. கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவித்தாக வேண்டும். 'நான் கொல்லவில்லை, கண்டெடுத்தேன்' என்ற வாதம் அங்கே செல்லாது, செல்லவும் கூடாது. கண்டெடுத்ததாகச் சொல்லிக்கொள்ளும் வசதி இருந்தால், கொன்றவனும் அதையேதான் சொல்வான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வெண்மை யாருடைய கைகளை மறைக்கிறது என்ற கேள்வி இருக்கிறது. தாம்பரத்துக்கு வடக்கே குரோம்பேட்டை என்று ஓர் ஊர். தோல் பதனிட்ட குரோம் லெதர் கம்பெனியால் அந்த ஊருக்கு அந்தப் பெயர். பல்லாவரத்தை ஒட்டிய நாகல்கேணியிலும் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் இயங்கின. செத்த விலங்கின் தோலையும் எலும்பையும் தொட்டுப் பிழைத்த மக்களை, அந்த நாற்றத்தையே காரணம் காட்டி ஊருக்கு வெளியே நிறுத்தியது நம் சமூகம். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதே மாட்டின் மண்டை ஓடு, பெராக்சைடில் குளித்து எழுந்ததும், மேல்தட்டு வீட்டுச் சுவரில் ரசனையின் சின்னமாகிறது. உரித்தவனுக்கு அடி, வெளுத்தவனுக்குப் பாராட்டு. இடையில் மாறியது நிறம் மட்டுமே.

நம் மரபுக்கு எலும்பு அந்நியமானது அல்ல. பாம்பு தீண்டி இறந்த மகள் பூம்பாவையின் எலும்பையும் சாம்பலையும் குடத்திலிட்டுக் காத்துவந்த சிவநேசரின் கதை மயிலாப்பூருடையது. காடாற்றும் நாளில் பால் தெளித்து எலும்பு பொறுக்குகிறவர்களும் நாம்தான். இவற்றில் எங்கும் எலும்பு அலங்காரப் பொருளாக இருந்ததில்லை; ஓர் உயிரின் மிச்சமாகவே இருந்தது. அதை வெளுத்துக் காட்டவேண்டும் என்று சிவநேசருக்குத் தோன்றியதாகக் கதை சொல்லவில்லை.

சேகரிக்க விரும்பும் நண்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். கறிக்கடையில் உடைக்காத தலையைக் கேட்டு வாங்குங்கள். மாதக்கணக்கில் ஆனாலும் தண்ணீரையும் சோப்பையும் நம்புங்கள். நாற்றத்தைச் சகித்துக்கொள்ளுங்கள், காலங்காலமாக அதைச் சகித்தவர்களைப் பற்றி அப்போது கொஞ்சம் யோசியுங்கள். சீட்டு எழுதி ஒட்டுங்கள். எலும்பு பழுப்பாகவே இருக்கட்டும். பழுப்பு அழுக்கல்ல, அது அந்த விலங்கு வாழ்ந்ததன் சாட்சி.