சிக்னல் யாரை எண்ணுகிறது?

காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்குத் தெரியும்... கணக்கில் ஏறாத செலவு இல்லாமல் போய்விடாது. வேறு யாரோ ஒருவர் தலையில் விழும். டிராஃபிக் சிக்னல் கதையும் இதுதான்!

பிரிட்டனில் 1933-ல் அரசு ஒரு சாலை ஆராய்ச்சிக்கூடம் தொடங்கியது. (இன்றைக்கு அதன் பெயர் டி.ஆர்.எல். 1996-ல் தனியார்மயமாகிவிட்டது.) அங்கே வேலை பார்த்த வெப்ஸ்டர் 1958-ல் வெளியிட்ட சூத்திரம் நம்மூர் சிவில் மாணவர்களுக்கும் பாடம். சிக்னல் ஒரு சுற்று முடிய எத்தனை நொடி வைத்தால் வண்டிகள் காத்திருக்கும் நேரம் குறையும் என்று அது சொல்லும். சுற்று குட்டையானால் நின்று கிளம்புவதிலேயே நேரம் வீண். நீளமானால் சிவப்பில் நிற்பவர் பாடு திண்டாட்டம்.

கணக்கு அருமைதான். ஆனால் எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். அந்த ஆய்வுக்கூடத்து அட்டவணையில் கார் 1 என்றால் பஸ் 2.25, சைக்கிள் 0.2. சாலையில் அடைக்கும் இடத்துக்கு இது சரியான அளவு. ஆனால் காத்திருக்கும் நேரத்தையும் இதே கணக்கில் அளந்தால், ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கும் பஸ் வெறும் இரண்டேகால் கார்! நடந்து போகிறவருக்கோ அதில் எண்ணே கிடையாது.

அதே கூடம் 1970-களில் 'ஸ்கூட்' என்ற முறையை உருவாக்கியது. சாலையில் புதைத்த உணரிகள் வண்டிகளை எண்ண, கணினி பச்சை நேரத்தைச் சில நொடிகள் கூட்டும், குறைக்கும். பஸ்ஸுக்கு முன்னுரிமை பிறகுதான் வந்தது. நடப்பவருக்கு? பொத்தானை ஒருவர் அழுத்தினாலும், நாற்பது பேர் காத்திருந்தாலும் ஒன்றுதான். காத்திருப்பவர்களைக் கேமராவால் எண்ணிப் பச்சையை நீட்டும் சோதனையை லண்டன் அறிவித்தது 2014-ல்!

"வண்டி நின்றால் வியாபாரம் நிற்கும்" என்பார்கள். உண்மைதான். ஆனால் கடைக்கு நடந்து வருகிறவரும் வாடிக்கையாளர்தானே? பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர் நேரத்துக்கும் விலை உண்டுதானே?

இந்திய நகரங்களும் இப்போது கேமரா, செயற்கை நுண்ணறிவு என்று புதுச் சிக்னல்களை வாங்குகின்றன. அதே கேமரா மனிதர்களையும் எண்ணும். எண்ணச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். டெண்டரிலேயே ஒரு வரி இருக்கட்டும்: குறைக்க வேண்டியது வண்டிகளின் காத்திருப்பை அல்ல, ஆட்களின் காத்திருப்பை. கருவியை வாங்கிப் பொருத்திய பிறகு இதைக் கேட்டால் யார் காதில் விழப்போகிறது?