கணக்கா, மந்திரமா?

பொருள் அறியாது ஓதப்படுவது எதுவோ, அதுவே மந்திரம். ஓதுபவனுக்கும் விளங்காது, கேட்பவனுக்கும் விளங்காது, விளங்காமையே அதற்கு வாய்த்த பெருமை! கோயில் வாயிலில் நின்று இதைக் கண்டித்த நாம், பள்ளிக்கூடத்திலே அதே கூத்து நடக்கும்போது கண்மூடி இருக்கலாமா? கரும்பலகையின் முன் நாள்தோறும் நிற்கும் ஆசிரியர்களாகிய நாம் கேட்கிறோம்: கணிதச் சொற்களை நம் பிள்ளைகள் கற்கிறார்களா, ஓதுகிறார்களா?

"ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும், ஒன்றைவிடப் பெரிய எண் பகா எண்" என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிறான் சிறுவன். "பகா என்றால் என்ன, தம்பி?" என்று கேளுங்கள், விழிப்பான். 12 புளியங்கொட்டைகளை அவன் முன் வையுங்கள். மும்மூன்றாக அடுக்குவான், நந்நான்காக அடுக்குவான். 13 வையுங்கள். இரண்டிரண்டாக வைத்தாலும் மிஞ்சும், மும்மூன்றாக வைத்தாலும் மிஞ்சும். "இது பங்கு போகாது, ஐயா!" என்பான். பகுக்க முடியாதது, பகாதது, பகா எண்! அந்த நொடியில் அச்சொல் அவன் சொத்தாகிறது. இனி அதை எந்தத் தேர்வும் அவனிடமிருந்து பறிக்க முடியாது.

இப்படி வாய் திறந்து பேசக் காத்திருக்கும் சொற்கள் எத்தனை! வட்டத்தின் ஒரு துண்டு வில். அதன் இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோடு நாண். மூங்கிலை வளைத்துக் கயிறு கட்டி விளையாடிய பிள்ளைக்கு இதைவிட என்ன விளக்கம் வேண்டும்? வீட்டுக் கூரையின் கீழ்க் குறுக்கே கிடக்கும் மரமும் விட்டம். வட்டத்தின் நடுவே குறுக்காகச் செல்லும் கோடும் விட்டம். வகுத்தலின் விடை ஈவு. ஆளுக்கு எவ்வளவு ஈயலாம் என்பதே கேள்வி. பின்னத்தின் கீழே நிற்பது பகுதி. முழுமையை எத்தனையாகப் பகுத்தோம் என்பதை அது சொல்லும். சொல்லே ஆசிரியன்! அந்த ஆசிரியனை வாய்கட்டி மூலையில் நிறுத்திவிட்டு, மனப்பாடம் என்னும் பிரம்பை அல்லவா கையில் எடுக்கிறோம்?

இச்சொற்கள் தாமாக வந்து பாடநூலில் அமரவில்லை. கூட்டலைச் சங்கலனம் என்றும், பெருக்கலைக் குணனம் என்றும், வடிவியலை க்ஷேத்திர கணிதம் என்றும், சமன்பாட்டைச் சமீகரணம் என்றும் எழுதிய காலம் ஒன்றுண்டு. 1916இல் சேலத்தில் தமிழிலே அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென ஒரு சங்கம் தோன்றியது. நோக்கம் நன்று, பெயரோ 'தமிழ் சாஸ்திர பரிபாஷைச் சங்கம்'! 1940இல் சென்னை அரசு, சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் கலைச்சொற் குழு அமைத்தபோது, தமிழுக்கு அங்கே இடமிராது எனத் தமிழறிஞர் கிளர்ந்தெழுந்தனர். போராடிப் பெற்ற சொற்கள் இவை. அவற்றையே பொருள் தெரியா முணுமுணுப்பாக்கினால், வென்ற களத்தை நாமே கைவிட்டவர் ஆகோமா?

வடசொல் என்பதற்காக மட்டும் நாம் வெகுளவில்லை. பின்னமும் வடசொல்லே, பாமர மக்கள் நாவில் பழகிவிட்டது, இருக்கட்டும். பை என்னும் கிரேக்க எழுத்தும் உலகப் பொதுக்குறி, அதையும் ஏற்கிறோம். நம் அளவுகோல் ஒன்றே: உழைப்பவன் பிள்ளைக்கு விளங்குகிறதா, இல்லையா?

"தாய்மொழியில் உயர்கணிதம் முடியுமோ?" என்று நீட்டி முழக்குவோர் உளர். ஐரோப்பாவில் இலத்தீன் கோலோச்சிய 1585இலேயே, சைமன் ஸ்டெவின் பதின்மப் பின்னங்களை டச்சு மொழியில் எழுதினார். யாருக்காக? வானை ஆய்வோர், நிலம் அளப்போர், துணி அளப்போர், வணிகர் ஆகியோருக்காக! இன்றும் டச்சுக்காரர் கணிதத்துக்குத் தம் சொல்லையே வழங்குகின்றனர். முக்கோணத்தை 'மூன்று மூலை' என்றும், விட்டத்தை 'நடுக்கோடு' என்றுமே அழைக்கின்றனர். அவர்கள் அறிவியலில் தாழ்ந்தா போயினர்? யாழ்ப்பாணத்திலே கறோல் விசுவநாதபிள்ளை 1855இலேயே இயற்கணித நூலைத் தமிழில் வெளியிட்டாரே! முடியாது என்போர் முயலாதவர், அவ்வளவே.

இன்னொரு கூட்டம், "கணக்கதிகாரம் நம்மிடம் உண்டு, 320இல் ஒன்றுக்கு முந்திரி, 80இல் ஒன்றுக்குக் காணி, 20இல் ஒன்றுக்கு மா எனப் பெயரிட்டவர் நாம்" என்று மார்தட்டுகிறது. உண்மைதான். ஆனால் காணிக் கணக்குச் சுவடி யார் கையில் இருந்தது? காணியை உழுதவன் கையிலா? பழம்பெருமை பேசிப் பயனில்லை. அன்று எட்டாக் கனியாக இருந்ததை இன்று எல்லார்க்கும் பங்கிடுவதே பெருமை.

ஆங்கிலவழிப் பள்ளியில் "டினாமினேட்டர்" என ஓதும் குழந்தையும் நம் குழந்தையே. அதற்கும் அச்சொல் மந்திரமே. கருத்தைத் தாய்மொழியில் பற்றியவன், அதற்கு ஆங்கிலப் பெயரை நாளை எளிதில் சேர்த்துக்கொள்வான். கருத்தே இல்லாதவன் எதனோடு எதைச் சேர்ப்பான்?

விளங்காத பிள்ளை வாய்மூடுகிறது. "இவனுக்குக் கணக்கு வராது" என்கிறார் ஆசிரியர். "அவன் தலையெழுத்து" என்கிறாள் தாய். ஆசிரியர் தவறிய இடத்தில் விதி வந்து உட்காருகிறது! கூலியைக் கணக்கிடவும், கடன்காரன் எழுதிய வட்டியைச் சரிபார்க்கவும் இயலாதவனாக அப்பிள்ளை வளர்ந்தால், ஏமாறுவது அவன், கொழுப்பது யார்?

இளைஞர்களே! மாலைப் படிப்பகங்களில் கூடுகிறீர்கள், ஏடு படிக்கிறீர்கள், சொற்போர் புரிகிறீர்கள். வாரம் ஒருநாள் சேரிப் பிள்ளைகளையும் அழைத்து அமர்த்துங்கள். நூலும் குச்சியும் புளியங்கொட்டையும் போதும். நாளுக்கு ஒரு சொல்; சொல்லுக்கு ஒரு பொருள்; பொருளைப் பிள்ளையே தொட்டுப் பார்க்கட்டும். "ஏன் இந்தப் பெயர்?" என்று அது கேட்கப் பழகட்டும். கணக்கிலே ஏன் என்று கேட்ட பிள்ளை, கணக்கோடு நிற்காது!